அலைவாய்ப்பேட்டை ஊரான விதம்

பரிதாபி வருஷம், ஆடி 1, செவ்வாய்

இன்றிலிருந்து அலைவாய்ப்பேட்டையின் ஸ்தல புராணத்தை எழுத ஆரம்பிக்கிறேன். மற்ற ஊர்களுக்கெல்லாம் ஆயிரம் வருஷம் கழித்து யாரோ ஒரு புலவர் வந்து நடந்ததும் நடக்காததுமாகப் பாடிவைக்கிறார். நம் பேட்டைக்கு வயது மூன்று. ஆயிரம் வருஷம் காத்திருக்க என் உடம்பு ஒத்துழைக்காது. ஆகையால் நடக்க நடக்க எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

முதலில் நிலம் வந்த வகை. பட்டணத்துத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் போட்டார்கள். அதில் கல் மேஸ்திரியாக இருந்தவன் வேதகிரி முதலியார், அதாவது நான். சுவர் கடலுக்குள் நீள நீள, அதற்குத் தெற்கே மணல் வந்து சேர்ந்தது, கடல் பின்வாங்கியது. மீன் நீந்திய இடத்தில் ஆள் நடக்கலாம் என்று ஆயிற்று. இப்படி ஆகும் என்று வேலையை நடத்திய துரை எதிர்பார்க்கவில்லை என்றார்கள். நானும்தான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அதைப் புராணத்தில் எழுத வேண்டிய அவசியமில்லை. கல்லைப் போட்டவன் நான், கல்லால் வந்தது மணல், ஆகவே மணலை வரவழைத்தவனும் நான். வேலையிலிருந்து நின்றதும் அந்த மணலில் முதல் வீட்டைக் கட்டினேன். அடுத்து ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் ஜெகந்நாத நாயுடு வந்தார். பிறகு தபாலாபீஸ் குமாஸ்தாக்கள், கிடங்கு குமாஸ்தாக்கள் என்று ஒரு தெரு நிறைந்தது. தெற்குக் கோடியில் மீன்பிடிக்கிறவர்களின் குப்பம் ஒன்று இருக்கிறது. அது எங்களுக்கு முன்பிருந்தே இருக்கிறது, ஆகையால் இந்த வரலாற்றில் சேராது.

இனி மனவருத்தமான விஷயம். என் ஒரே மகள் மரகதத்தைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், பழைய பேட்டையில், பொன்னுரங்க முதலியாரின் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது அவளுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். போன வாரம் வளைகாப்பு அன்றே வண்டி கட்டிக்கொண்டு அழைத்துவரப் போனோம். சம்பந்தி வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊருன்னா ஒரு அம்மன் இருக்கணும் சம்பந்தி. ஆடி மாசம் காப்புக் கட்டி கூழு ஊத்தணும். உங்களுது மணல்திட்டு. நாளைக்கே கடல் திரும்பி வந்து, குடுன்னு கேட்டா இன்னா பண்ணுவீங்க? புள்ளத்தாச்சிய அங்கல்லாம் அனுப்ப முடியாது" என்றார்.

சபையில் சிரித்தார்கள். அம்மன் வந்தால் அனுப்புவீர்களா என்று கேட்டேன். காப்புக் கட்டின மறுநாளே வண்டி ஏற்றுவதாக எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். மரகதம் உள்ளறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சபையில் அழுதிருப்பேன், மேஸ்திரிக்கு அது அழகில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே அம்மன் வர வேண்டும், அதுவும் சீக்கிரம் வர வேண்டும்.

ஆடி 2, புதன்

கமிட்டி கூடியது. தலைவர் நான், காரியதரிசி நாயுடு. துறைமுகத்தில் மிஞ்சிய நல்ல கல் ஒன்றில் அம்மன் முகம் செதுக்கி வாங்கி வந்தேன். முகம் அம்சமாக இருக்கிறது. ஆனால் செய்து வாங்கின அம்மன் என்றால் எவன் மதிப்பான்? எந்த ஊரிலும் அம்மன் ஏர்முனையில் அகப்படுவாள், அல்லது ஆற்றில் மிதந்து வருவாள். எங்களுக்கு ஏரும் கிடையாது, ஆறும் கிடையாது. ஆகவே இன்று மணலில் புதைத்துவிட்டு வெள்ளிக்கிழமை கண்டெடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

நாயுடு எதையும் முறையாகச் செய்கிறவர். "வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மன் தற்செயலாகக் கண்டெடுக்கப்படுவாள், அனைவரும் வருக" என்று நோட்டீஸ் எழுதிவிட்டார். தற்செயலாக என்ற வார்த்தை வேண்டுமா என்று வாதம் நடந்தது. வேண்டும் என்பதற்கே அதிக ஓட்டு.

சாயங்காலம் நானும் நாயுடுவும் போய்ப் புதைத்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டுவிட்டு வந்தோம்.

ஆடி 4, வெள்ளி

மேளதாளத்தோடு போனோம். குச்சி இல்லை. காற்று அடித்ததில் மணல்மேடே வேறு இடத்துக்குப் போயிருந்தது. வெயில் ஏறும்வரை தோண்டினோம். துருப்பிடித்த நங்கூரம் ஒன்றும், போன வருஷம் காணாமல் போன நாயுடுவின் செருப்பில் ஒன்றும் கிடைத்தன. அம்மன் மட்டும் கிடைக்கவில்லை. புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி மேளக்காரன் கேட்டான். புதைக்கவில்லை, தற்செயலாகத்தான் தேடுகிறோம் என்று நாயுடு அவனைக் கடிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் குப்பத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பூவரசு மரத்தடியில் எங்கள் அம்மன், மஞ்சள் பூசி, வேப்பிலை சாத்தி, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். மீன் விற்கும் செங்கேணி விடியற்காலையில் மணலில் நடந்தபோது காலில் இடறியதாம். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, குப்பமே கும்பிட்டு நிற்கிறது. நாங்கள்தான் புதைத்தோம் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

நாயுடுவுக்கு மட்டும் பரம திருப்தி. நோட்டீஸில் போட்டபடியே தற்செயலாகக் கிடைத்துவிட்டாள் என்கிறார். அம்மன் அங்கேயே இருக்கட்டும், முதல் கூழ்ப்பானை செங்கேணியுடையது என்று பேச்சு முடிந்தது. முதல் வீடு கட்டினவனுக்கு இரண்டாவது பானை. சரி, மகள் வந்தால் போதும் என்று தலையாட்டிவிட்டேன்.

ஆடி 6, ஞாயிறு

மணலில் கொட்டகை போட்டோம். காற்றில் போய்விட்டது. மறுபடியும் போட்டோம்.

ஆடி 8, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. இனி இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி முடிகிறவரை ஊர் கட்டுக்குள் இருக்கும்.

வழக்கமாக எந்த ஊரிலும் காப்புக் கட்டினவர்கள் வெளியே போகலாம், ராத்தங்கத்தான் கூடாது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். சம்பந்தியின் பழைய பேட்டையிலும் அப்படித்தான். அவர்களைவிட நம் ஊர் ஒரு படி மேலே நிற்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. எல்லையைத் தாண்டவே கூடாது, யாராக இருந்தாலும் சரி, எதுவாக இருந்தாலும் சரி என்று நானே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். நாயுடு ஆமோதித்தார். குப்பத்துப் பூசாரி அம்மன் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். மீறினால் மீறினவன் குடும்பத்தில் யாருடைய உயிருக்கும் அம்மன் பொறுப்பில்லை என்று அவர் சொன்னபோது எனக்கே புல்லரித்தது. இதைக் கேட்டால் சம்பந்தி முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தியம் எல்லாம் முடிந்த பிறகு தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர் எழுந்து, எல்லை எது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அதுவரை பேட்டைக்கு எல்லை என்று ஒன்று தேவைப்பட்டதில்லை. எல்லை தெரியாமல் வீட்டுக்கு எழுந்து போவதும் ஆபத்து என்று எல்லாரும் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டோம். சாப்பாட்டு வேளை வந்ததும் முடிவு சீக்கிரம் ஆயிற்று. வடக்கே கிடங்குச் சுவர், தெற்கே குப்பத்துக் கடைசிக் குடிசை, கிழக்கே கடல், மேற்கே கால்வாய்ப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் நடுவதற்கு என் கொல்லையில் கிடந்த துறைமுகக் கல் ஒன்றைக் கொடுத்தேன். நானே சுமந்துபோய் நட்டேன். எல்லைக்கல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நாளை மரகதம் வருகிறாள். என் மனைவி திரிபுரம் அறையைக் கழுவி, தொட்டில் கட்ட உத்தரத்தில் கயிறு போட்டிருக்கிறாள். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் எது செய்தாலும் அவளுக்கு அந்த முகம்தான்.

ஆடி 9, புதன்

காலையிலிருந்து எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் சம்பந்தி வீட்டு வேலைக்காரன் வந்து, பாலத்தின் அந்தத் தலையில் நின்றபடி சேதி சொன்னான்.

சம்பந்திக்கு ரொம்ப சந்தோஷமாம். எங்களுடையது ஊர்தான் என்று மனப்பூர்வமாக ஒத்துக்கொள்கிறாராம். ஊர் என்றால் முறை உண்டல்லவா, இவ்வளவு கடுமையாகக் காப்புக் கட்டின ஊருக்குள் வெளியூர்ப் பிள்ளைத்தாய்ச்சி எப்படிக் கால் வைப்பாள், கூழ் ஊற்றி முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாராம்.

என் தீர்மானத்தை என் தலையிலேயே போட்டுவிட்டார். நான் குடையை மடக்கிக்கொண்டு வந்தேன். திரிபுரத்திடம் சொன்னேன். "ஊரு வந்துடுச்சு இல்ல, சந்தோஷமா இருங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

ஆடி 10, வியாழன்

ஆபீஸ் போகிறவர்கள் யாரும் போகவில்லை. தபாலாபீஸ் சேவகன் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு பாலத்துக்கு வந்தான். குமாஸ்தாக்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து முத்திரை குத்தித் தூக்கிப் போட்டார்கள். காற்றில் சில கடிதங்கள் கால்வாயில் விழுந்தன. விழுந்த இடம் ஊருக்கு உள்ளா வெளியா என்று தெரியாததால் யாரும் இறங்கி எடுக்கவில்லை.

நாவிதர் வெளியூர்க்காரர், உள்ளே வரத் தயாரில்லை. நாயுடு கல்லின் இந்தப் பக்கம் மண்டியிட்டு, கழுத்தை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி க்ஷவரம் செய்துகொண்டார். தலை எல்லையைத் தாண்டியதே என்று ஒரு கிடங்கு குமாஸ்தா ஆட்சேபம் எழுப்பினார். டிக்கெட் என்பது உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் தனி டிக்கெட் கிடையாது என்று நாயுடு அடித்துப் பேசிவிட்டார்.

ஆடி 11, வெள்ளி

திரிபுரத்துக்குக் கனவு வருகிறது. மரகதத்தின் கால் வீங்கியிருக்கிறதாம். சாப்பாடு பிடிக்கவில்லையாம், நெல்லிக்காய் ஊறுகாய் கேட்கிறாளாம். மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாளாம், ஆனால் புழுங்குகிறதாம், ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடச் சொன்னதற்குச் சம்பந்தி ஒப்புக்கொண்டாராம். என் ஆயுளில் இவ்வளவு விவரமாக யாரும் கனவு கண்டு நான் கேட்டதில்லை. எதேச்சையாக அலமாரியைப் பார்த்தேன். நெல்லிக்காய் ஜாடி காலி. கனவில் கேட்டதற்கு ஜாடி எப்படிக் காலியாகும் என்று நான் கேட்கவில்லை.

அவள் புடவைக் கரை முழங்கால்வரை ஈரம். கொஞ்சம் மீன் வாடையும் அடித்தது. கடற்கரை ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஆடி 12, சனி

கிழக்கு எல்லையில் தகராறு. குப்பத்துக்காரர்களும் காப்புக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் தினமும் கடலுக்குள் போகிறார்கள். அலை ஓரத்தில் எல்லை முடிகிறது, ஆகவே அவர்கள் சத்தியத்தை மீறுகிறார்கள் என்று நாயுடு நியாயம் கேட்கப் போனார். கமிட்டித் தலைவன் என்ற முறையில் நானும் பின்னால் போனேன். செங்கேணி கூடையில் மீனை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"இன்னா நாய்டு, கடல் எங்களுக்கு வெளியா? பரிசல் போறவரைக்கும், கட்டுமரம் போறவரைக்கும் எங்க ஊருதான். நாங்க போற எடமெல்லாம் எல்லையும் கூடவே வருது. ஆத்தா ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னா?"

குப்பத்தாரின் எல்லை அவர்கள் தோணியோடு போகும் என்று நாயுடு கமிட்டிக் குறிப்பில் சேர்த்துவிட்டார். செங்கேணியின் பரிசல் கால்வாய்ப் பக்கம் கட்டியிருந்தது ஏன் என்று ஒருவர் கேட்டார். அது நம் விஷயமில்லை என்று நான் பேச்சை மாற்றினேன்.

ஆடி 14, திங்கள்

சாயங்காலங்களில் எல்லைக்கல் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கப் போகிறேன். புதிதாக நட்ட கல், பார்க்கத்தான் வேண்டும். அங்கிருந்து அரசமரத்தை ஒட்டினாற்போலச் சம்பந்தி வீட்டு ஓட்டுக்கூரை தெரிகிறது. அது தெரிகிறது என்பதற்காக நான் போகவில்லை. இன்று கூரையில் புகை வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. வெந்நீர் போடுகிறார்களோ என்னவோ. நேற்றும் முந்தாநாளும் இவ்வளவு புகை இல்லை.

திரிபுரத்துக்கு இன்று கனவு வரவில்லை. கேட்டதற்கு, செங்கேணிக்குக் காய்ச்சல் என்றாள்.

ஆடி 15, செவ்வாய்

பாலத்திலிருந்து ஆள் கூப்பிடுகிறான். போகிறேன்.

ஆடி 16, புதன்

நேற்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும். தோள் இன்னும் வலிக்கிறது.

கூப்பிட்டது சம்பந்தி வீட்டு வேலைக்காரன். மரகதத்துக்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வலி. குழந்தை இறங்கவில்லை, மருத்துவச்சியின் முகம் சரியில்லை, பெண் நைனா நைனா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று பாலத்தின் அந்தத் தலையிலிருந்து கத்தினான். இந்தத் தடவை சம்பந்தி முறை எதையும் சொல்லி அனுப்பவில்லை. உடனே வரச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னாராம்.

நான் கல்லுக்கு அருகில் ஓடி வந்து நின்றேன். கால் எழவில்லை. மீறினவன் குடும்பத்தில் யாருடைய உயிருக்கும் அம்மன் பொறுப்பில்லை. எதுவாக இருந்தாலும் சரி என்று எழுதச் சொன்னவனே நான்தான். அந்த நேரத்தில் போய் அம்மனைச் சோதிக்கிறதா? நான் ஒரு அடி வைத்து, அந்த அடியால் அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? போகாமல் நின்று ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டையும் என்னால் நினைக்க முடியவில்லை. நான் பயந்துபோயிருந்தேன். அலையில் கல் சரிந்து ஆட்கள் அடியில் மாட்டிய அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

தெருவே கூடிவிட்டது. நாயுடு குறிப்புகளைப் புரட்டினார். மரகதம் அவரை மாமா என்று கூப்பிடுகிற பெண். தீர்மானத்தில் வழி இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். திரிபுரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கால்வாய்க் கரையில் இறங்கினாள். செங்கேணி காய்ச்சலோடு பரிசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மனைவி அதில் ஏறி உட்கார்ந்த தோரணையில் பழக்கம் தெரிந்தது. குப்பத்துத் தோணி போகிற இடமெல்லாம் ஊர் என்பது கமிட்டி ஒப்புக்கொண்ட விஷயம், யாரும் ஆட்சேபிக்கவில்லை. கூடவே ஏறலாம் என்று நானும் கரைக்கு ஓடினேன். அதற்குள் அந்தச் சின்னஞ்சிறு பரிசல் நடுவில் போய்விட்டது, அதில் மூன்றாவது ஆளுக்கு இடமும் இல்லை.

திரும்பி வந்தேன். கல்லைப் பார்த்தேன். நான் நட்ட கல். என் வாழ்நாளெல்லாம் கல்லை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதுதான் வேலை. கல்லைத் தாண்டக் கூடாது என்றுதானே சத்தியம்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, ஆட்டி ஆட்டிப் பிடுங்கித் தலைமேல் ஏற்றினேன். துண்டைச் சும்மாடாகச் சுற்றி வைத்தது யார் என்று தெரியவில்லை. நாயுடுவாகத்தான் இருக்கும்.

"நாயுடு, எல்லை இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

நாயுடு கமிட்டிக் குறிப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "உங்க தலைமேல இருக்குதுங்க" என்றார். "நீங்க முன்னால போங்க. எல்லைக்கு உள்ள நாங்க பின்னால வரோம்."

பாலத்தில் கால் வைத்தேன். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

நான் நடக்க நடக்க ஊர் நீண்டது. நாயுடு, குமாஸ்தாக்கள், பூசாரி, எதற்கு வருகிறோம் என்று தெரியாமலேயே வாசித்துக்கொண்டு மேளக்காரன், எல்லாரும் பின்னால் வந்தார்கள். ஆனால் யாரும் எனக்கு முன்னால் போகவில்லை, பக்கத்திலும் வரவில்லை. கடைத்தெருக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள், இது எந்தச் சாமி புறப்பாடு என்று கேட்டார்கள். தபாலாபீஸைத் தாண்டியதும் குமாஸ்தாக்கள் இரண்டு பேர், இப்போது இது ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கழுத்து இறுகியது, கண் இருட்டியது. மரகதம் சின்னப் பெண்ணாகத் துறைமுகத்துக்குச் சோறு கொண்டுவந்தது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

சம்பந்தி வாசலில் நின்றிருந்தார். தலைமேல் கல்லும் பின்னால் ஒரு ஊருமாக என்னைப் பார்த்ததும் படியிறங்கி வந்தார். வாசல் ஓரத்தைக் காட்டி, கல்லை இங்கே இறக்கிவையுங்கள் என்றார். நாயுடு குறுக்கே வந்தார். கல் வாசலில் நின்றால் வீடு எல்லைக்கு வெளியே போய்விடும், அப்புறம் முதலியார் எப்படி உள்ளே வருவார், வீட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும் என்றார். பின்பக்கம் போகச் சந்து கிடையாது. ஆகவே கல்லோடு வீட்டுக்குள் நுழைந்தேன். நிலைப்படியில் தலை குனிய வேண்டியிருந்தது. கூடம், அதைத் தாண்டி இடைகழி. நாயுடுவும் பூசாரியும் மேளமும் பின்னால் வந்தார்கள். மேளத்தை நிறுத்தச் சொல்லிச் சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது, ஆனால் பார்த்தபோது ஒன்றும் சந்தோஷமாக இல்லை. அவர் முகமும் அழுது வீங்கியிருந்தது.

இடைகழியில்தான் மரகதத்தின் அறை. மருத்துவச்சி வெந்நீருக்காகக் கதவைத் திறந்தாள். திரிபுரத்தின் மடியில் மகள் தலை கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"நைனா," என்றாள். குரலே இல்லை. "இன்னா நைனா தலைமேல?"

"ஊரும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த நிலைமையில் சிரிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பு நடுவில் அலறலாக மாறியது. கதவு சாத்தப்பட்டது. நான் கொல்லைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு போய், பின்சுவரைத் தாண்டிக் கல்லை இறக்கினேன். கல் மண்ணில் விழுந்த சத்தத்துக்கும் உள்ளே குழந்தை அழுத சத்தத்துக்கும் அதிக இடைவெளி இல்லை. நான் கல்லைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேஸ்திரிக்கு அழகா இல்லையா என்று யோசிக்கவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். அலைவாய்ப்பேட்டையில் பிறந்த முதல் குழந்தை என்று நாயுடு கமிட்டிக் குறிப்பில் எழுதிக்கொண்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டு ஊரிலேயே நடந்திருக்கிறது, முறைப்படி எந்தக் குறையும் இல்லை.

ஆடி 18, வெள்ளி

சம்பந்திக்கு ஒரு கஷ்டம். அவர் மளிகைக் கடை வீட்டுக்குப் பின்தெருவில், கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஊருக்குள் வந்துவிட்டவர் காப்புக் கட்டாமல் இருக்கக் கூடாது என்று பூசாரி அன்றே கயிற்றைக் கட்டிவிட்டார். ஆகவே மூன்று நாளாகக் கொல்லைச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கடையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பருப்பு எங்கே இருக்கிறது என்று கடைப்பையன் கேட்டால் இங்கிருந்தே கத்துகிறார். கல்லைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். கமிட்டியில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

ஆடி 20, ஞாயிறு

கூழ் ஊற்றியாயிற்று. செங்கேணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, முதல் பானையை அவளே ஊற்றினாள். காப்பு அவிழ்த்ததும் குமாஸ்தாக்கள் பாலத்தில் ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பது பாதி தூரத்தில்தான் அவர்களுக்கு நினைவு வந்தது.

நான் ஒரு செம்பில் கூழ் எடுத்துக்கொண்டு மரகதத்தைப் பார்க்கப் போனேன். கட்டில் ஜன்னல் பக்கம் போட்டிருந்தது. குழந்தையை என் கையில் கொடுத்தாள். கல் தூக்கின கைக்குக் கனமே தெரியவில்லை, அதனாலேயே பயமாக இருந்தது. நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். துறைமுகம், மணல், கமிட்டி, நோட்டீஸ், தீர்மானம், எல்லாம். உனக்காக ஒரு ஊரையே உண்டாக்கினேன் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் கூழைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள்.

"நான் ஊரா கேட்டேன் நைனா?" என்றாள். "அன்னிக்கு வளைகாப்புல நீங்க என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தா, நானே எழுந்து உங்க பின்னால வந்திருப்பேன். வண்டியில ஏறலாம்னு மூட்டைகூடக் கட்டி வெச்சிருந்தேன்."

நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தலையை நிமிர்த்தி என் மகளைப் பார்த்தேன்.

இதைப் புராணத்தில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. நாயுடுவைக் கேட்டால் வேண்டாம் என்பார். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.